பச்சை விழுவதற்கு முன்

வயதான பெண்மணி ஒருவர் குறுக்கே வந்துவிட்டார் என்றுதான் எங்கள் குடும்பம் அப்போது நம்பியது. கோபன்ஹேகனில் வேலை பார்க்கும் என் மகள் கயல்விழி, சைக்கிளில் போகும்போது விழுந்து இடது காரை எலும்பை முறித்துக்கொண்டாள் என்ற செய்தி செம்பாக்கத்து வீட்டுக்கு வந்தபோது, தொலைபேசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு வயசானவங்க குறுக்க வந்துட்டாங்கம்மா." அவருக்கு மணிக்கட்டு முறிந்தது, இவளுக்குத் தோள். அதற்குமேல் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. குறுக்கே வருவது எங்களுக்கு விளக்கம் தேவைப்படாத காரியம். வேளச்சேரி சாலையில் மாடு குறுக்கே வரும்; தண்ணீர் லாரி எதிர்த்திசையில் வரும்; கல்யாண ஊர்வலம் இரண்டு திசையிலும் வரும்.

ஊரப்பாக்கத்திலிருந்து விரைந்து வந்த என் கொழுந்தனார் முரளி, "அங்கயும் நம்ம ஜனங்க மாதிரிதான் போலிருக்கு அண்ணி. பார்க்காம இறங்கிடறாங்க" என்று ஏறக்குறைய ஆறுதலாகச் சொன்னார். என் கணவர், "சைக்கிள் என்னாச்சுன்னு கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவர் அவர். பெரிய கவலைகளை அவர் எப்போதும் சிறிய கேள்விகளாகத்தான் கேட்பார்.

அவருடைய கடவுச்சீட்டு காலாவதியாகியிருந்தது. ஆகவே, கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், கத்திரி வெயிலில் புறப்பட்டு, ஸ்வெட்டர் போடவேண்டிய ஒரு மே மாதத்துக்குள் தனியாகப் போய் இறங்கினேன்.

விமான நிலையத்தில் கயல் கையைக் கழுத்தில் மாட்டிய துணிக்கட்டில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். மெலிந்திருந்தாள். "சாப்பிடறியா இல்லையா?" என்றேன். "ஒரு கையால எவ்வளவு சமைக்க முடியும், அவ்வளவு சாப்பிடறேன்" என்றாள். நகரத்துக்குள் போகும் ரயிலில் ஓட்டுநரே இல்லை. முன்பக்கக் கண்ணாடிக்கு அருகே உட்கார்ந்து, சுரங்கப்பாதை எங்களை நோக்கி ஓடிவருவதைப் பார்த்தபடி போனோம். தாம்பரம் மின்ரயிலின் பெண்கள் பெட்டியில் கீரை ஆய்பவர்களும் சண்டை போடுபவர்களுமாக நிறைந்திருக்கும் அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டேன். இங்கே பெட்டி முழுக்க மனிதர்கள். ஒரு பேச்சு இல்லை. இறங்கும்போதுதான் ஒருவர் என் பெட்டியைத் தூக்கிப் படியருகே வைத்துவிட்டு, நன்றிகூட வாங்கிக்கொள்ளாமல் போனார்.

அந்த ஊரின் உணவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரொட்டி எங்கள் பக்கத்தில் நோயாளியின் ஆகாரம். காய்ச்சல் கண்டவருக்கு வாங்குவோம், மருத்துவமனைக்கு எடுத்துப் போவோம், ஆரோக்கியமானவர் அதைத் தின்றால், "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்போம். அங்கேயோ காலையில் ரொட்டி, மதியம் ரொட்டி, அதுவும் செங்கல்போல் கனத்த கறுப்பு ரொட்டி. முதல் இரண்டு நாட்கள், ஊர் முழுவதும் ஏதோ நீண்ட நோயிலிருந்து தேறிவருவதைப்போல எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அதன்மேல் நம் ஊர் எலுமிச்சை ஊறுகாயைத் தடவிப் பார்த்தேன். பிறகு அந்த ரொட்டியோடு எனக்குப் பகை இல்லை.

சாலை வேறு கதை. பேருந்திலிருந்து இறங்கினால் நடைபாதை வரும் என்றுதானே கால் நம்புகிறது? அங்கே பல நிறுத்தங்களில் முதலில் வருவது சைக்கிள் பாதை. நான் இறங்கி, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு நடுவில் நின்றுவிட்டேன். வலப்புறமிருந்து மணிச் சத்தம். திரும்பினால், பள்ளிக்கூடம் விட்டதுபோல் ஒரு கூட்டம் சைக்கிளில் வருகிறது. அந்தக் கணத்தில் நான் செய்தது, தாம்பரத்தில் நாற்பது வருடம் சாலை கடந்த எந்தப் பெண்ணும் செய்யக்கூடியதுதான். அவர்கள் முகத்தைப் பார்க்காமல், உள்ளங்கையை உயர்த்தி "நில்" என்று காட்டிவிட்டு, நிதானமாக நடந்தேன்.

அத்தனை பேரும் நின்றுவிட்டார்கள். தலைக்கவசம் அணிந்த ஒரு பெண் கயலிடம் ஏதோ கேட்டாள். கயல் பதில் சொல்லத் திணறி, தோள் வலியையும் மறந்து சிரித்தாள். "உங்கம்மா போலீஸ்ல இருக்காங்களான்னு கேக்கறாங்க" என்றாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் முறை. அவளை இவ்வளவு அமுக்கி வைத்திருப்பது வலி மட்டும்தானா என்ற ஐயம் எனக்கு வந்ததும் அப்போதுதான். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் என் மகள் மூடிக்கொள்வாள்; காத்திருந்தால் சொல்வாள். இருபத்தொன்பது வயது வரை அவள் அப்படித்தான்.

அந்த வார இறுதியில், "அந்தம்மாவைப் போய்ப் பார்க்கணும்" என்றேன்.

"எந்தம்மா?"

"உன்னோட சேர்ந்து விழுந்தவங்க. இன்னும் பார்க்கப் போகலையா?"

"இங்கெல்லாம் அப்படிப் போகமாட்டாங்கம்மா."

"நாம போவோம்."

யார்மேல் தப்பு என்பது வேறு. அடிபட்டவரைப் பார்க்கப் போவது வேறு. எங்கள் தெருவில், எல்லைச்சுவர் வழக்கில் பத்து வருடம் பேசாத இரு வீட்டார்கூட, ஒருவர் வழுக்கி விழுந்தால் மற்றவர் சாத்துக்குடியும் பிரெட் பாக்கெட்டுமாகப் போய் நிற்பார்கள். நானும் அப்படியே ஆரஞ்சுப் பழங்களும் ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டேன். ரொட்டியில் மூழ்கிக் கிடக்கும் நாட்டில் நோயாளிக்கு ரொட்டி எடுத்துப் போகிறேனே என்று கயல் தலையில் அடித்துக்கொண்டாள், நல்ல கையால்.

அவர் பெயர் கிர்ஸ்டன். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. எழுபத்தைந்தைத் தாண்டியவர், தபால் பிரிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கணவர் இறந்த பிறகும் அந்த வீட்டைவிட்டு நகராதவர். அங்கே எல்லோரையும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டுமாம். எனக்கு நா எழவில்லை. கிர்ஸ்டன் அம்மா என்றேன். அந்த 'அம்மா' தன் குடும்பப் பெயர் அல்ல என்று அவர் திருத்தினார். நான் அது எங்கள் ஊர் மரியாதை என்று விளக்கினேன். சரி, இருக்கட்டும் என்றார். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் காபி ஊற்றினார். ரொட்டியின்மேல் உருளைக்கிழங்கு வில்லைகளை அடுக்கி, எனக்காக மாமிசம் எதுவும் படாமல் தனித்தட்டில் வைத்தார். நான் கொண்டுபோன ரொட்டியை முகர்ந்து பார்த்து, "நல்ல கடை" என்றார்.

அவருடைய மகனும் இருந்தார். யென்ஸ் என்று பெயர். வேறு நகரத்தில் வசிப்பவர், அன்று வந்திருந்தார். மென்மையாகப் பேசினார். முதியோர் இல்லம் ஒன்றுக்கு விண்ணப்பம் கொடுத்திருப்பதாகச் சொன்னார். "அம்மாவால் தனியாகச் சாலை கடக்க முடியவில்லை என்பது தெரிந்துவிட்டது. அடுத்த முறை லாரியாக இருந்தால்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

கிர்ஸ்டன் அம்மா கயலின் பக்கம் திரும்பினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: "உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பெண்ணே. நான் பச்சையில்தான் இறங்கினேன் என்று என் மனது சொல்கிறது. ஆனால் உனக்கும் பச்சை என்றால், நான் இறங்கியது சிவப்பில்தானே? எனக்கு நினைவு குழம்புகிறது போலிருக்கிறது. இப்போதெல்லாம் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்க்கிறேன். யென்ஸ் சொல்வது சரியாக இருக்கலாம்."

கயல் தட்டில் இருந்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் தள்ளிக்கொண்டே இருந்தாள். விடைபெற்று இறங்கினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அவங்க குறுக்க வரல."

நான் அவள் அருகில் உட்கார்ந்தேன்.

"அவங்க பாட்டுக்கு நடந்துக்கிட்டிருந்தாங்க. கடைசி ரெண்டு அடி பாக்கி. நான்தான் கிளம்பிட்டேன். ரெட்லயே."

"தெரிஞ்சேவா?"

"ரெட்டுன்னு தெரியும். இப்போ பச்சை விழுந்துடும்னும் தெரியும். பின்னாடி ஒரு பெரிய லாரி உறுமிக்கிட்டு நின்னுச்சும்மா. அந்தச் சத்தம் காதுல விழுந்ததும் கால் மிதிச்சிடுச்சு. என் காலுக்கு இது எந்த ஊருன்னே தெரியல."

எனக்கு அந்தக் காலைத் தெரியும். அது எங்கே பழகியது என்பதும் தெரியும்.

கயல் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது, சேலையூரில் இருந்த பள்ளிக்குச் சைக்கிளில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். எங்கள் தெருவில் வேன் ஏறாமல் சைக்கிள் ஏறிய ஒரே பெண் அவள்தான். கேம்ப் ரோடு சந்திப்பில், அப்பா சொல்லிக்கொடுத்தபடி, சிவப்புக்கு ஒழுங்காக நின்றாள். பச்சைக்கு ஒழுங்காகக் கிளம்பினாள். இரண்டாவது வாரமே, பச்சை விழுந்ததும் கூடவே கிளம்பிய பேருந்து இடப்புறம் ஒடித்துத் திரும்பி, அவள் சைக்கிளைச் சாலையோர மணலில் தள்ளிவிட்டுப் போனது. முழங்கை சிராய்ப்போடு தப்பினாள். அன்றிலிருந்து சில நாட்கள் என் கணவர் தம்முடைய சைக்கிளில் துணைக்குப் போனார். சந்திப்பில் இருவரும் சிவப்புக்கு நிற்பதைப் பார்த்த ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டிக் கத்தியதை, அவர் வீட்டுக்கு வந்து அப்படியே நடித்துக் காட்டினார்: "இன்னா சார், பாப்பாவ பஸ்ஸு பக்கத்துல நிறுத்திகினு கீறே? சைக்கிளுக்கு இன்னா சார் சிக்னலு? பஸ்காரன் கியர் போடறதுக்குள்ள போய்கினே இரு சார்!"

வாழ்நாளில் ஒரு வரிசையையும் தாண்டிப் போகாத மனிதர் என் கணவர். இரண்டு இரவு யோசித்தார். பிறகு மகளுக்குப் புதுப் பாடம் சொன்னார். சிக்னல் கம்பத்தில் எண்கள் குறைந்துகொண்டு வருமல்லவா, அது அஞ்சைத் தொடும்போது கிளம்பிவிட வேண்டும்; குறுக்குப் பக்கத்து வண்டிகள் ஓய்ந்திருக்கும்; பேருந்து நகர்வதற்குள் நீ அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அவள் பள்ளி முடிக்கும் வரை அப்படித்தான் போனாள். மறுபடி விழவே இல்லை. அந்தச் சிவப்பை மீறியதால்தான் என் மகள் முழுசாக வளர்ந்தாள் என்று இன்றும் நான் நம்புகிறேன். இதை யார் முன்னிலையிலும் சொல்லத் தயார்.

ஆனால் இப்போது மூன்றாம் மாடியில் ஒருவர் அடுப்பை மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விபத்தன்று மருத்துவமனையில் காவலர் கேட்டபோது, கயல் வலியிலும் பயத்திலும், "பச்சை என்றுதான் நினைக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். லாரி நிற்காமல் போய்விட்டது. வேறு சாட்சி இல்லை. நிரந்தரமாக அங்கே வசிப்பதற்கான அனுமதிக்கு அவள் விண்ணப்பித்திருந்த நேரம் அது. அவள் அலுவலகத்தில் இவற்றைக் கவனிப்பவர், சொன்னதை மாற்றிச் சொன்னால் அனுமதி தள்ளிப்போகலாம், மறுக்கப்படவும் கூடும் என்று சொல்லியிருந்தார்.

அன்று மாலை வீட்டுக்குக் காணொளியில் அழைத்தோம். திரையில் என் கணவரும் முரளியும் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தார்கள். கயல் நடந்ததைச் சொன்னாள். முரளிதான் முதலில் பேசினார்.

"யாரு பார்த்தா? கேமரா இருக்கா? இல்லல்ல? அப்புறம் என்னத்துக்குக் கயலு வம்ப விலை குடுத்து வாங்கற?"

"அவங்க தன்னையே சந்தேகப்படறாங்க சித்தப்பா."

"அந்தம்மாவுக்குக் கை கூடிடும். உனக்கு விசா போச்சுன்னா கூடுமா? அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. காந்தி மாதிரி பேசிக்கிட்டிருக்கா."

"நான் ரசத்துக்குப் புளி கரைச்சிக்கிட்டிருக்கேன்" என்றேன். பொய்யில்லை. கரைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் கணவர், "நான்தானே சொல்லிக் குடுத்தேன்" என்றார்.

"அப்பா, அங்க அது சரி" என்றாள் கயல். "அங்க பஸ்ஸுக்கு நான் தெரியமாட்டேன். அதனால அந்த நேரத்த நானே எடுத்துக்க வேண்டியிருந்துச்சு. இங்க அதை ரோட்லயே குடுத்திருக்காங்கப்பா. சைக்கிள் நிக்கற கோடு முன்னாடி, லாரி நிக்கற கோடு பின்னாடி. எனக்கு இடம் இருந்துச்சு. இருந்தும் அவங்க நேரத்துல கை வச்சிட்டேன்."

"அதுக்காக?" என்றார் முரளி.

"அதான் யோசிக்கறேன் சித்தப்பா."

மறுநாள் அவள் அந்தச் சந்திப்பைக் காட்ட என்னைக் கூட்டிப் போனாள். ஏரியைத் தாண்டும் பாலத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஏரி என்றதும் நான் செம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொண்டு போனேன். அங்கே ஆகாயத்தாமரையும் இல்லை, கொக்கும் இல்லை, அன்னங்கள் சோம்பலாக மிதந்துகொண்டிருந்தன. சந்திப்பில் ஓரமாக ஒரு கம்பி நட்டிருந்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்காமலே, காலை அதன்மேல் ஊன்றி நிற்பதற்காம். சிவப்பில் நிற்பவனுக்குக் கால் வைக்க ஓர் இடம்! நிற்கச் சொல்வதற்கு முன்னால், நிற்பவன் வசதியை யோசித்திருக்கிறார்கள். கேம்ப் ரோட்டில் சிவப்புக்கு நின்றால் நமக்குக் கிடைப்பது பின்னாலிருந்து ஹாரன். இதை நான் பொறாமையுடன்தான் எழுதுகிறேன்.

எல்லோரும் அங்கே உத்தமர்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே, காதில் பாட்டு மாட்டிய ஓர் இளைஞன் சிவப்பில் வலப்புறம் திரும்பிப் போகப் பார்த்தான். சாலை காலி. அரிசி மூட்டை அளவுக்குத் தோட்டமண் ஏற்றிய வண்டியோடு அருகில் நின்ற ஒரு பெரியவர் ஏதோ அதட்டினார். இளைஞன் நின்று, கையை விரித்து ஒன்று சொன்னான். பெரியவர் பதில் சொன்னார். இளைஞன் முகம் சுளித்து, சைக்கிளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"அவன், 'யாருமே இல்லையே'ன்னான்."

"அவரு?"

"'நான் இருக்கேனே'ன்னாரு."

அதைச் சொல்லிவிட்டுக் கயல் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். விளக்கு எத்தனையோ முறை மாறியது. எனக்குக் குளிர்ந்தது, ஆனால் போகலாம் என்று சொல்லவில்லை. நானாக எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். சொன்னால் அது என் உண்மையாகிவிடும். விளைவை அனுபவிக்கப்போவது அவள். நூலகத்தில் முப்பது வருடம், ஒருவர் புத்தக அடுக்கின் முன் நின்று தயங்கும்போது, எதை எடுப்பது என்று நான் சொன்னதில்லை. அருகில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு வரியாம்மா?" என்றாள் கடைசியில்.

காவல் நிலையம் வங்கிக் கிளைபோல் இருந்தது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். எங்களை அழைத்த அதிகாரி இளம் வயதினர். எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது.

"முன்பு பச்சை என்று சொல்லியிருக்கிறீர்கள்."

"ஆமாம். அது உண்மை இல்லை. சிவப்பு."

"அப்போது ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"பயந்துவிட்டேன்."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "யாராவது உங்களை இதைச் சொல்லச் சொன்னார்களா?" என்று கேட்டு என்னையும் ஒருமுறை பார்த்தார்.

"இல்லை. அந்தப் பெண்மணி தவறு தன்னுடையது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்."

"காரணம் ஏதாவது பதிவு செய்ய வேண்டுமா? கண்ணில் வெயில், பின்னால் லாரி, ஏதாவது?"

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கேம்ப் ரோட்டை, பேருந்தை, மணலை, அப்பாவின் பாடத்தை, எல்லாவற்றையும் சொல்வாள். சொன்னால் அந்த மனிதர் புரிந்துகொள்வார். நியாயமான காரணம், நானே சான்று. என் முழங்கைகூட அவள் முழங்கையை லேசாக இடித்துவிட்டது.

"வேண்டாம்" என்றாள் கயல். "சிவப்பு என்று மட்டும் எழுதுங்கள்."

அவள் பள்ளியில் வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. பட்டமளிப்பு விழாப் புகைப்படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவற்றையெல்லாம் பார்த்துப் பெருமைப்பட்ட நான், அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் மகளை முழு உயரத்தில் பார்த்தேன். வெளியே வந்து அவளுக்குக் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டிச்சுருளும் வாங்கிக்கொடுத்தேன். வேறு எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து நேரே மூன்றாம் மாடிக்குப் போனோம். கயல் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். கிர்ஸ்டன் அம்மா உடனே மன்னித்துக் கட்டியணைப்பார் என்று எண்ணியிருந்தேன். கதைகள் படித்துக் கெட்டுப்போன மனம். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இத்தனை வாரம்!" என்றார். "இத்தனை வாரமாக என் மூளை கரைகிறது என்று நினைத்துப் படுத்துக்கிடந்தேன். சாவிக்கொத்தை எங்கே வைத்தேன் என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், பார்! உனக்குத் தெரிந்திருந்தது!"

"தெரியும்" என்றாள் கயல். கண்ணைத் தாழ்த்தவில்லை.

கிர்ஸ்டன் அம்மா சன்னலருகே போய் நின்றார். பிறகு தொலைபேசியை எடுத்து, இடது கையால் தடவித் தடவி எண்ணை அழுத்தினார். மகனிடம் அவர்கள் மொழியில் உரக்கப் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் ஏறிய ஏற்றத்தை மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. கயல் என் காதருகே முணுமுணுத்தாள்: "'எனக்குப் பச்சை, யென்ஸ்! பச்சைதான்! நான் சரியா நடந்தேன்! அந்த விண்ணப்பத்தத் திருப்பி வாங்கு'ங்கறாங்க."

பேசி முடித்துவிட்டுத் திரும்பினார். "இன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம்" என்றார். "இப்போது போ. வியாழக்கிழமை காபிக்கு வா." என்னைப் பார்த்து, "நீங்களும் வாருங்கள், அம்மா. ரொட்டி கொண்டுவர வேண்டாம்" என்றார்.

வியாழக்கிழமை போனோம். ரவா கேசரி எடுத்துப் போனேன். இது காலை உணவா, பலகாரமா, மருந்தா என்று கேட்டு, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

கயலின் தோள் ஓரளவு கூடியதும் நான் புறப்பட்டேன். தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்கு வரும்போது, கேம்ப் ரோடு சந்திப்பில் எங்கள் ஆட்டோ சிவப்புக்கு நின்றது. நின்றது என்பதைவிட, அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தது என்பதுதான் சரி. எண்கள் குறைந்துகொண்டு வந்தன. பள்ளிச் சீருடையில் ஒரு பெண் சைக்கிளோடு பேருந்துக்கு முன்னால் நுழைந்து, பச்சை விழுவதற்குள் பாய்ந்து போனாள். அவளைத் தடுத்துச் சிவப்புக்கு நில் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவளுக்குக் கால் ஊன்றக் கம்பியும், முன்னால் ஒரு கோடும் கொடுத்துவிட்டுத்தான் அதைச் சொல்லும் உரிமை நமக்கு வரும். ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்த கீரைக்காரம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிதான் இருந்தது என்பதையும் நான் பார்த்தேன். போவதற்கு முன்பு இதைப் பார்த்திருக்கமாட்டேன்.

என் கணவர் சைக்கிளை விடவில்லை. ஆனால் அந்தச் சந்திப்பில் இப்போது இறங்கிவிடுகிறார். நடந்து கடப்பவர்களோடு சேர்ந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறார். "அண்ணனுக்கு வயசாயிடுச்சு" என்று முரளி கிண்டல் செய்கிறார். "ஆமாண்டா" என்று சொல்லிவிட்டு அவர் தள்ளிக்கொண்டே போகிறார்.

கயலுக்கு அபராதம் விதித்தார்கள், கட்டிவிட்டாள். நிரந்தர அனுமதி அந்த முறை கிடைக்கவில்லை. பின்னால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று கடிதம் வந்தது. அதுவரை வருடத்துக்கு வருடம் புதுப்பித்துக்கொள்ளும் தற்காலிக அனுமதியில்தான் இருக்க வேண்டும். முரளி, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. வருத்தமா என்று நான் கயலிடம் கேட்டேன். "இருக்கும்மா" என்றாள்.

வியாழக்கிழமைகளில் வேலை முடிந்ததும் அவள் சைக்கிளில் அந்தக் கட்டடத்துக்குப் போகிறாள். கிர்ஸ்டன் அம்மா மூன்றாம் மாடியில், தம் வீட்டில், தனியாகத்தான் இருக்கிறார்.